65 லட்சம் பேருக்குக் கொடுத்த பதக்கத்தை எதற்குச் சேர்க்கிறீர்கள்?

கேள்வி, பிப்ரவரி 3

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரப் பாட்டி இறந்துவிட்டார். வீட்டை ஒழித்தபோது அவருடைய மகன் ஒரு வெள்ளிப் பதக்கத்தை என் கையில் கொடுத்து, "நீயே வைத்துக்கொள்" என்றார். ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபுறம் குதிரைமேல் ஆடையில்லாத ஒருவன், 1914, 1918 என்று ஆண்டுகள். தேடிப் பார்த்தால் இதே பதக்கத்தை 65 லட்சம் பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீரச்செயலுக்காகவும் இல்லை, போனவர்களுக்கெல்லாம் கொடுத்தது. இதைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்களாம். ரேஷன் அட்டை சேர்ப்பது மாதிரி இல்லையா?

பிப்ரவரி 3, இரவு

கேலியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் இதைவிடப் பொருத்தமான உவமை இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதில்லை. ரேஷன் அட்டையில் பெயர் இருக்கும். இதிலும் இருக்கிறது. ராஜாவையும் குதிரையையும் பார்த்துவிட்டு வைத்துவிட்டீர்கள். பதக்கத்தை விளக்கடியில் பிடித்து, விளிம்பை மெதுவாக உருட்டிப் பாருங்கள். சிறு எழுத்தில் ஓர் எண், பதவி, பெயர், படைப்பிரிவு குத்தியிருக்கும். அதைத்தான் நாங்கள் காசு கொடுத்து வாங்குகிறோம். வெள்ளி கூடவே வருகிறது.

விளிம்பில் இருப்பதை அப்படியே எழுதி வையுங்கள். பெயரை இங்கே போட வேண்டாம். அந்தக் குடும்பத்தார் யாராவது இருப்பார்கள்.

இன்னொன்று. துலக்காதீர்கள். தயவுசெய்து.

பிப்ரவரி 4

ஏன் துலக்கக் கூடாது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் கதையே காரணம்.

கிழக்கு லண்டனில் 22 வருடம் பஸ் ஓட்டினேன். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது வயலில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்கள். அப்படி ஒரு சந்தையில்தான் என் முதல் ஜோடியை வாங்கினேன். தேநீர்க் கோப்பைகளுக்கும் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில், புகையிலை டப்பாவுக்குள் கிடந்தன. வெள்ளியில் போர்ப் பதக்கம். கூடவே வெண்கலத்தில் பொன்முலாம் போன்ற நிறத்தில் வெற்றிப் பதக்கம், இறக்கை வைத்த பெண் ஒருத்தி கையை விரித்து நிற்பது. இரண்டும் கரி பிடித்தது போல இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெள்ளி விளக்கு துலக்கும் முறை ஞாபகம் வந்தது. பூஜை அலமாரியில் இருந்த விபூதியை எடுத்து, ஈரத் துணியில் தொட்டு, இரண்டையும் தேய்த்தேன். பளபளவென்று வந்துவிட்டது. மனைவிகூடப் பாராட்டினாள். நூறு வருடத்தில் தானாக ஏறிய நிறம் பத்து நிமிடத்தில் போயிற்று. வெள்ளியாவது பரவாயில்லை, வெற்றிப் பதக்கத்தின் பொன்னிறம் மேடான இடங்களில் எல்லாம் உரிந்து உள்ளே இருந்த செம்பழுப்பு தெரிந்தது. விளிம்பு எழுத்துகளின் பள்ளத்தில் விபூதி போய் உட்கார்ந்துகொண்டது. எழுத்து எடுப்பாகத் தெரிகிறது என்று அன்றைக்கு அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

சேகரிப்பவர்கள் கையில் அப்படிப்பட்ட பதக்கத்துக்குப் பாதி விலைகூட வராது. விலையை விடுங்கள், அந்த மங்கல் நிறம் திரும்பி வர இன்னொரு நூறு வருடம் ஆகும்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

புளி? வெண்கலத்தில் புளி போட்டவரும் நானேதான். இன்னொரு நாள் சொல்கிறேன்.

பிப்ரவரி 7

கேட்டவர் விளிம்பைப் படித்துவிட்டார். நல்லது. ஆனால் அவருடைய ஆள் பெயர் இங்கிலாந்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். வசதிக்கு ஸ்மித் என்று வைத்துக்கொள்வோம். பெயரை வைத்துத் தேடினால் மூழ்கிவிடுவீர்கள். எண்ணை வைத்துத் தேடுங்கள்.

லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் உலகப் போர்ப் பதக்கங்களுக்கான அட்டைகளின் நகல்கள் ஐம்பது லட்சத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கின்றன, ஆளுக்கு ஒன்று. கையகல அட்டை. பெயர், படைப்பிரிவு, பதவி, எண், என்னென்ன பதக்கம், பதிவேட்டில் எந்தப் பக்கம். 1915 முடிவதற்குள் போர்க்களத்துக்குப் போனவராக இருந்தால் எந்த நாட்டில், எந்தத் தேதியில் இறங்கினார் என்பதும் இருக்கும். அதற்குப் பின் போனவர்களுக்கு அந்தக் கட்டம் பெரும்பாலும் காலி. எழுத்தர்களின் சோம்பல் என்று நினைத்திருந்தேன். பின்னால்தான் புரிந்தது: 1915 முடிவதற்குள் களத்துக்குப் போனவர்களுக்கு ஸ்டார் என்று தனிப் பதக்கம் உண்டு, அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் தேதி வேண்டும். ஸ்டாருக்குத் தகுதியில்லாதவன் எந்த நாளில் கப்பல் ஏறினால் என்ன?

இந்த அட்டைகளின் அசல் 2005இல் குப்பைக்குப் போக இருந்தது. முதல் போர் வரலாற்று ஆர்வலர்களான வெஸ்டர்ன் ஃப்ரண்ட் சங்கத்தார் முன்வந்து காப்பாற்றினார்கள். சில அட்டைகளின் பின்பக்கத்தில் வீட்டு முகவரிகூட இருக்கும்.

அட்டை கிடைத்தால் மேலும் ஆவணம் கிடைக்கும் என்று ஆசைப்படாதீர்கள். 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைட் தெருவில் இருந்த கிடங்கில் குண்டு விழுந்து, முதல் போர்ச் சிப்பாய்களின் பணிப் பதிவுகளில் பெரும்பகுதி எரிந்துவிட்டது. மீந்ததை 'எரிந்த ஆவணங்கள்' என்றே சொல்வார்கள். திரையில் திறந்தால் ஓரம் கருகி, தண்ணீர் பட்டுக் கரைந்த தாள்கள். என் ஆட்களில் பத்துப் பேரைத் தேடினால் மூன்று பேர் அகப்படுவார்கள். மற்றவர்களுக்கு அந்த விளிம்பும் அட்டையும்தான் மிச்சம்.

பிப்ரவரி 8

"மூன்று பதக்கம் சேர்ந்து வந்தால் அதற்கு ஏதோ செல்லப் பெயர் உண்டாமே?" உண்டு. பிப், ஸ்குவீக், வில்பிரட். 1919இல் டெய்லி மிரர் பத்திரிகையில் தொடங்கிய படக்கதையில் வரும் நாய், பென்குயின், முயல். ஸ்டார், போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் மூன்றும் சேர்ந்தால் அந்தப் பெயர். ஸ்டார் இல்லாமல் கடைசி இரண்டு மட்டும் இருந்தால் மட் அண்ட் ஜெஃப், அது அமெரிக்கப் படக்கதை. நாலு வருடம் சேற்றில் கிடந்து வந்தவன் தன் பதக்கத்துக்கு முயல் பெயர் வைத்திருக்கிறான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஸ்டாரில் இரண்டு உண்டு. 1914 ஸ்டார், 1914 ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 நள்ளிரவு வரை பிரான்சிலோ பெல்ஜியத்திலோ இருந்தவர்களுக்கு. நாலு லட்சத்துக்கும் குறைவு. மற்றது 1914-15 ஸ்டார், சுமார் 24 லட்சம். ஒருவருக்கு இரண்டும் கிடையாது. முதலாவது இரண்டாவதைவிடப் பல மடங்கு விலை போகும்.

பிப்ரவரி 12

வெள்ளிப் போர்ப் பதக்கம் மட்டும் தனியாகக் கிடைத்தால் என்ன பொருள்? ஜோடியை யாரோ பிரித்துவிட்டார்கள் என்று பொருள். பிரித்தவன் வியாபாரி. இரண்டாகப் பிரித்தால் இரண்டு பேரிடம் விற்கலாம். எனக்கு இதைப் பார்த்தாலே எரிகிறது. பெயர் குத்திய ஒரு ஜோடி, தொண்ணூறு வருடம் ஒரே டப்பாவில் கிடந்தது, ஒரே மத்தியானத்தில் திசைக்கு ஒன்றாகப் போகிறது. இவர்களை எல்லாம் என்ன செய்வது?

பிப்ரவரி 13

நேற்று எழுதியதில் பிழை. கோபத்தில் எழுதினால் இப்படித்தான். வெற்றிப் பதக்கம், போர் நடந்த களத்தில் கால் வைத்தவர்களுக்கு மட்டுமே. வெள்ளிப் பதக்கம் நாட்டை விட்டு வெளியே சேவை செய்தாலே கிடைக்கும். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, போர் முடியும்வரை இந்தியாவில் காவல் காத்துவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1914இன் இறுதியில் தொழில்முறைச் சிப்பாய்களை பிரான்சுக்கு இழுத்துக்கொண்டு, அந்த இடத்தில் உள்ளூர்த் தொண்டர் படையினரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் வேறு களத்துக்கு நகராதவர்களுக்கு வெள்ளி மட்டும்தான். ஒற்றைப் பதக்கம் வந்தால் முதலில் அட்டையைப் பாருங்கள். அப்புறம் வியாபாரியைத் திட்டலாம்.

பிப்ரவரி 13, இரவு

வெள்ளி தனியாகப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, நல்ல காரணம் அல்ல. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் வெள்ளி. 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டது. அமெரிக்கப் பணக்காரர்களான ஹண்ட் சகோதரர்கள் உலக வெள்ளியை வளைத்துப் பிடிக்கப் பார்த்த சமயம். சேகரிப்பவன் கொடுக்கும் விலையைவிட உருக்குபவன் கொடுக்கும் விலை கூடிவிட்டது. வண்டி வண்டியாக உலைக்குப் போயின. அதனால்தான் சந்தையில் ஒற்றை வெற்றிப் பதக்கங்கள் இவ்வளவு திரிகின்றன. வெண்கலத்தை உருக்கி யாருக்கு என்ன லாபம்?

இங்கிலாந்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் பாட்டியின் அண்ணன் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சேர்ந்து, இராக்கில் உள்ள பஸ்ராவுக்குப் போய் வந்தவர். வடாற்காட்டில் எங்கள் ஊரில் அவரை 'பஸ்ரா மாமா' என்றே சொல்வார்கள். அவருக்கு வந்த வெள்ளிப் பதக்கத்தை, என் பெரியப்பா பிறந்ததும் தட்டாரிடம் கொடுத்து அரைஞாண் செய்துவிட்டார்கள். பெரியப்பாவுக்குப் பின் என் அப்பா, அதன் பின் அத்தை பிள்ளைகள் என்று ஒவ்வோர் இடுப்பாக ஏறி இறங்கியிருக்கிறது. கடைசியில் அந்த அரைஞாணும் எங்கேயோ போய்விட்டது. விளிம்பில் அவர் எண் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பஸ்ரா மாமாவின் முழுப் பெயரே வீட்டில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 16

வெண்கலத்திலும் போர்ப் பதக்கம் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. சுமார் 1,10,000. சீனா, மால்டா, இந்தியா போன்ற இடங்களிலிருந்து தொழிலாளர் படைக்கு, கூலி வேலைக்கு எடுத்தவர்களுக்கு. அதே ராஜா, அதே குதிரை, உலோகம் மட்டும் மட்டம். நான் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், சீனத் தொழிலாளர் படையில் இருந்த ஒருவருடையது. விளிம்பை உருட்டினேன். எண் இருந்தது, படையின் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. அவர்களுக்கு எண் மட்டும்தான் குத்தினார்கள்.

வாங்கவில்லை. விலை அதிகம் என்பது ஒரு காரணம்.

பிப்ரவரி 21

சரி, புளிக் கதை.

போரில் இறந்தவர்களின் வீட்டுக்கு ஒரு வெண்கலத் தகடு அனுப்பினார்கள். விட்டம் சுமார் 12 சென்டிமீட்டர், தோசைக் கரண்டியின் தட்டை விடச் சற்றுப் பெரிது, நல்ல கனம். பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா தேவி கையில் மாலையுடன், பக்கத்தில் சிங்கம், இரண்டு டால்பின். 'சுதந்திரத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் இறந்தான்' என்று சுற்றி எழுத்து. ஒரு சிறு கட்டத்துக்குள் இறந்தவர் பெயர், பெயர் மட்டும். ஜெனரலானாலும் சிப்பாயானாலும் பதவி போடவில்லை, சாவில் எல்லோரும் சமம் என்று. எட்வர்ட் கார்ட்டர் பிரஸ்டன் என்ற சிற்பி போட்டியில் வென்று செய்த வடிவம். 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். அவற்றில் சுமார் 600 பெண்களுக்கு, அவற்றில் 'இறந்தாள்'. மக்கள் இதற்கு வைத்த பெயர் 'செத்தவன் காசு'. அப்போதைய பென்னி நாணயத்தின் சாயலில், பெரிதாக இருந்ததால்.

எனக்குக் கிடைத்த தகடு கறுத்திருந்தது. விபூதியில் சூடு பட்ட பிறகும் புத்தி வரவில்லை. வெள்ளிக்குத்தான் விபூதி கூடாது, வெண்கலத்துக்குப் புளி தானே வழக்கம், நம் வீட்டுக் குத்துவிளக்கு எல்லாம் புளியில்தானே என்று ஒரு சமாதானம். ஊறவைத்த புளியைப் பூசி அரை மணி நேரம் வைத்தேன். கழுவினால் தகடு புதுச் செம்புப் பாத்திரம் மாதிரி இளஞ்சிவப்பாக மின்னியது. ஒரு தாய் தொண்ணூறு வருடத்துக்கு முன் வாங்கி, அடுப்பு மேடைக்கு மேல் மாட்டியிருப்பாள். புகையும் தூசியும் அவள் கைபட்ட எண்ணெயும் சேர்ந்து அந்தக் கறுப்பு. அதைச் சாம்பாருக்குக் கரைத்த புளியில் கழுவி ஊற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து மனைவி வீட்டில் புளிப் பானையை எடுக்கும்போதெல்லாம், "எதையும் ஊறப் போடவில்லையே?" என்று கேட்கிறாள்.

பிப்ரவரி 22

ஆமாம், அந்தத் தகட்டுக்குரியவர் யார் என்று கண்டுபிடித்தேன். பதவி இல்லை, படை இல்லை, எண் இல்லை, பெயர் மட்டும். அபூர்வமான குடும்பப் பெயராக இருந்ததால் தப்பித்தேன். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவில் அந்தப் பெயரில் ஒரே ஒருவர். பிரான்சில் தியெப்வால் என்ற ஊரில் உள்ள நினைவுச் சின்னத்தில் பெயர் இருக்கிறது. உடல் கிடைக்காதவர்கள் 72,000 பேருக்கு மேல் அங்கே.

மார்ச் 1

நீங்கள் எதைச் சேர்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு. எல்லாவற்றையும் வாங்கினால் ஓட்டாண்டி ஆகவேண்டியதுதான். சிலர் ஒரே ரெஜிமெண்ட். சிலர் தங்கள் ஊர் நினைவுத்தூணில் உள்ள பெயர்களை மட்டும். சிலர் 1916 ஜூலை 1 அன்று இறந்தவர்களை மட்டும் தேடுகிறார்கள். பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாள், பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் இறந்த நாள். அந்தத் தேதியில் இறந்தவன் பதக்கத்துக்கு விலை பல மடங்கு. மறுநாள் காலை இறந்தவனுக்கு அந்த விலை இல்லை. இந்த வியாபாரத்தில் எனக்குச் சகிக்காத இடம் இது. ஆனாலும் விலைப்பட்டியல் வந்தால் நானும் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ப்பது ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது ஏ.எஸ்.சி., படைக்குச் சாப்பாடும் சாமானும் கொண்டுபோன பிரிவு. அதிலும் லாரி ஓட்டியவர்கள். பஸ் ஓட்டியவனுக்கு வேறு யார் மேல் பாசம் வரும்? 1914இல் லண்டன் தெருக்களில் ஓடிய பி வகை பஸ்களை, தொள்ளாயிரத்துக்கும் மேல், அப்படியே பிரான்சுக்கு அனுப்பினார்கள். பல வண்டிகள் ஓட்டுநருடனேயே போயின. சிவப்பு வண்ணத்துக்கு மேல் காக்கி பூசி, கண்ணாடி உடைந்துகொண்டே இருந்ததால் ஜன்னல்களைப் பலகையால் அடைத்து, முன்னணிக்கு ஆட்களை ஏற்றிப் போனார்கள். அதில் ஒரு பஸ், எண் பி43, 'ஓல் பில்' என்ற பெயரில் இன்றைக்கும் அருங்காட்சியகப் பொருளாக இருக்கிறது. போய்ப் பார்த்தேன். ஓட்டுநருக்கு முன்னால் கண்ணாடியே கிடையாது. மழை நேரே முகத்தில். என் காலத்தில் ஹீட்டர் சரியில்லை என்று டிப்போவில் சண்டை போட்டிருக்கிறேன்.

மற்ற சிப்பாய்கள் இவர்களை மதிக்கவில்லை. ஏ.எஸ்.சி. என்ற எழுத்துகளுக்கு 'ஆலி ஸ்லோப்பரின் குதிரைப்படை' என்று விரிவாக்கம் சொன்னார்கள். ஆலி ஸ்லோப்பர் ஒரு கேலிச்சித்திரக் கோமாளி. சோறு கொண்டு வருகிறவனுக்கு எங்கேதான் மரியாதை?

மார்ச் 2

என் மிகப் பெரிய முட்டாள்தனம் விபூதியும் அல்ல, புளியும் அல்ல. ஆரம்பத்தில் 'டிரைவர்' என்று விளிம்பில் குத்தியிருந்தால் மட்டுமே வாங்குவேன். 'பிரைவேட்', அதாவது கடைநிலைச் சிப்பாய், என்றிருந்தால் இவன் ஓட்டுநர் இல்லை, மூட்டை தூக்கியவன் என்று ஒதுக்கிவிடுவேன். நாலைந்து வருடம் இப்படி. பிறகு ஒரு சந்தையில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கிழவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் குதிரைக்காரர்களையா சேர்க்கிறீர்கள்?"

அந்தப் படையில் டிரைவர் என்பது குதிரை வண்டி ஓட்டியவனின் பதவி. மோட்டார் வண்டி ஓட்டியவனின் பதவி பிரைவேட். எண்ணுக்கு முன் இருக்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும்: டி (T) என்றால் குதிரை, எம் (M) என்றால் மோட்டார். நான் ஆசையாகச் சேர்த்த பதினான்கு பேரும் குதிரைக்காரர்கள். ஒதுக்கித் தள்ளிய எம்2 (M2), டிஎம்2 (DM2) எல்லாம் லாரிக்காரர்கள்.

பதினான்கையும் விற்கவில்லை. குதிரைக்கு லாடம் பார்த்துத் தீனி வைத்து ஓட்டுவதும் ஓட்டுவதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மார்ச் 9

இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்தவற்றில் பெயர் கிடையாது. 1939-45 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், பர்மா ஸ்டார், எதிலும் இல்லை. விண்ணப்பித்தால் சின்ன அட்டைப் பெட்டியில் தபாலில் வரும். பலர் விண்ணப்பிக்கவே இல்லை. பெட்டியின்மேல் ஒட்டிய முகவரியும் உள்ளே இருந்த துண்டுச் சீட்டும் தொலைந்தால் அவ்வளவுதான், அது யாருடையதாகவும் இருக்கலாம். பெட்டியோடு கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் குத்தினார்கள். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்காவும் அப்படியே. முதல் போரில் சீனக் கூலியாளுக்குப் பெயர் இல்லை, அடுத்ததில் பிரிட்டிஷ் சிப்பாய்க்கே இல்லை. ஊரில் யார் வீட்டிலாவது பர்மா ஸ்டார் கிடந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள்.

மார்ச் 10

போலி பற்றிக் கேட்டவருக்கு: சாதாரணப் பதக்கத்தைப் போலியாக அடிப்பதில் லாபமில்லை. விளிம்புப் பெயரைச் சுரண்டிவிட்டு நல்ல விலை போகும் பெயரைப் போடுவார்கள். சுரண்டினால் விட்டம் குறையும். போர்ப் பதக்கம் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். விட்டம் அளக்கும் காலிபர் ஒன்று வாங்கி வையுங்கள், நாலு இடத்தில் அளந்து பாருங்கள். புது ரிப்பனைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். பட்டு நைந்துபோனால் வீட்டாரே மாற்றியிருப்பார்கள்.

மார்ச் 15

"நீங்கள் ஒருபோதும் ஜோடியைப் பிரித்ததில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன்.

பிரித்திருக்கிறேன். விபூதி போட்ட அந்த முதல் ஜோடி. 2009இல் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் அவசரமாக ஊருக்குப் போகவேண்டி வந்தது. டிக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைந்தது. கையில் இருந்த சில பதக்கங்களை ஒரு சந்தையில் விற்றேன். வாங்கியவர் அந்த ஜோடியில் வெற்றிப் பதக்கத்தை மட்டும் கேட்டார். துலக்கிய வெள்ளி வேண்டாம் என்றார். 15 பவுண்டு. கொடுத்துவிட்டேன். டிக்கெட்டின் மொத்தத் தொகையில் அந்த 15 பவுண்டு ஒரு பொருட்டே அல்ல. அது இல்லாமலும் போயிருக்கலாம். அவசரத்தில் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன், அதுவும் போயிற்று.

ஆகவே பிப்ரவரி 12ஆம் தேதிக் குறிப்பில் திட்டிய ஆட்களில் நானும் ஒருவன்.

மார்ச் 15, இரவு

'அந்த வெள்ளியை இன்னும் வைத்திருக்கிறீர்களா?' வைத்திருக்கிறேன். எம்2 என்று தொடங்கும் எண். பிரைவேட். குதிரைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் என் வீட்டிலேயே ஒரு லாரிக்காரன் இருந்திருக்கிறான், பிரைவேட் என்று அலட்சியமாக வைத்திருந்தேன்.

ஏப்ரல் 6

உங்களில் இரண்டு பேர் வற்புறுத்தியதால் எண்ணை மட்டும் போட்டு சேகரிப்பாளர் பத்திரிகை ஒன்றில் சிறு விளம்பரம் கொடுத்தேன். பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 27

பதில் வந்திருக்கிறது. யார்க்‌ஷயரில் ஒருவர். அந்த எண் குத்திய வெற்றிப் பதக்கம் அவரிடம் இருக்கிறது. விற்க மனமில்லை, உங்களிடம் இருக்கும் வெள்ளியை எனக்குக் கொடுங்கள் என்கிறார். நியாயமான பேச்சுதான். இரண்டு பேருக்குமே பாதி ஆள் இருக்கிறான். அவருக்கு வயது 81 என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். எனக்கு 68. காத்திருக்கலாம் என்று மனதில் ஓடியது, ஓடியதும் வெட்கமாகப் போயிற்று.

ஏப்ரல் 28

கேட்டவரே, உங்கள் ஸ்மித் என்ன ஆனார்? அட்டை கிடைத்ததா? என் கதையிலேயே இழை ஓடிவிட்டது.

ஏப்ரல் 30

அட்டை கிடைத்ததா! அதில் போர்ப் பதக்கம் மட்டுமா? அப்படியானால் ஜோடி பிரியவில்லை, அவர் பெற்றதே ஒன்றுதான். எந்த வியாபாரியும் எதுவும் செய்யவில்லை. படைப்பிரிவைப் பார்த்தால் இந்தியாவில் காவல் காத்தவராக இருக்க வாய்ப்பு நிறைய. எந்த ஊர் என்று அந்தப் பட்டாலியனின் வரலாற்றில் தேடுங்கள். பாட்டியின் மகனிடமும் சொல்லிவிடுங்கள். கொடுத்தபோது என்ன கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. திரும்பக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

மே 11

யார்க்‌ஷயர்க்காரருடன் தொலைபேசியில் பேசினேன். அவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு மணி நேரம் கிளட்ச் பற்றித்தான் பேசினோம். கடைசியில் 70 பவுண்டுக்குச் சம்மதித்தார். 15க்கு விற்றது.

மனைவியிடம் தொகையைச் சொன்னேன். "டிக்கெட் விலை ஏறிவிட்டது" என்றாள்.

மே 19

வந்துவிட்டது. பஞ்சில் சுற்றி, மாத்திரைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார். லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து விளிம்பை உருட்டினேன். எண் சரி. பெயர் சரி. பொன்னிறம் மேடான இடங்களில் உரிந்திருப்பதும் சரி.

கூடவே அவர் கைப்பட எழுதிய விவரச் சீட்டு இருந்தது. 2011இல் ஒரு வியாபாரியிடம் வாங்கியது, ரிப்பன் பிற்காலத்தது, விளிம்பில் அடி எதுவும் இல்லை என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசி வரியில்: 'எழுத்துகளின் பள்ளங்களில் ஏதோ வெள்ளைப் படிவு. காரணம் தெரியவில்லை.'